எலெக்ட்ரிக் ஜெட் ஃப்ளை-இன்: நாலு நிமிட பேட்டரி, ஐந்து பேருக்கு ஒரு வானம்

ரேடியோ கன்ட்ரோல் எலெக்ட்ரிக் ஜெட்டைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது "எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான். எவ்வளவு நேரம் பறக்கும் என்று ஒருவர் கேட்டால், அவர் ஏற்கெனவே ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நாலு நிமிடம் பறக்கும். சில விமானம் மூன்று, கையை அடக்கிப் பறந்தால் ஐந்து. நம் மைதானத்தில் தனியாகப் பறக்கும்போது இது ஒரு விஷயமே இல்லை, தோன்றும்போது இறக்கிவிடலாம். ஆனால் ஊர் ஊராக ஆட்கள் வந்து கூடி, ஒரே ரன்வேயை வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் ஐந்து ஜெட் வானத்தில் சுற்றும் ஃப்ளை-இன்னுக்குப் போனால் அந்த நாலு நிமிடத்தின் கணக்கு அப்படியே மாறிவிடுகிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் போகிற போக்கில் வரும்.

நான் இருப்பது டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே. கார் ஓட்டிப் போகும் தூரத்தில் ஒரு கிளப் அக்டோபர் மாதம் எலெக்ட்ரிக் ஜெட்டுக்கு மட்டும் என்று ஒரு சனி, ஞாயிறை ஒதுக்குகிறது. ப்ரொப்பெல்லர் விமானம் கூடாது, மண்ணெண்ணெய் குடிக்கும் டர்பைனும் கூடாது. டர்பைன்காரர்கள் வந்தால் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கலாம், வருகிறார்கள், பார்க்கிறார்கள், உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் எஞ்சின் ஒன்றின் விலைக்கு நம் ஆள் நாலைந்து விமானம் வாங்கிவிடுவார் என்பது வேறு விஷயம்.

புதியவர்களுக்காக இரண்டு வரி. இந்த ஜெட்டுகளின் வயிற்றுக்குள் ஒரு குழாய், அதற்குள் பல பிளேடு வைத்த விசிறி, அதைச் சுழற்ற ஒரு பிரஷ்லெஸ் மோட்டார். இடிஎஃப் என்பார்கள். விசிறியின் குறுக்களவை வைத்துத்தான் விமானத்தையே அடையாளம் சொல்வது: 64, 70, 80, 90 மில்லிமீட்டர் என்று. பழைய ஐந்து ஆறு பிளேடு விசிறிகள் கீச்சென்று கத்தும், இப்போதைய 12 பிளேடு விசிறி தாழ்வாகக் கடந்து போகும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நிஜ ஜெட் மாதிரியே இருக்கும். நிக்கல் காட்மியம் பேட்டரியும் பிரஷ் மோட்டாரும் இருந்த காலத்தில் இந்த விசிறி ஜெட் தரையை விட்டு எழும்புவதே பெரும்பாடு. லிப்போ என்கிற லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் 2000-களில் பரவலான பிறகுதான் இது சாதாரண மனிதனின் பொழுதுபோக்கானது.

சரி, கணக்குக்கு வருகிறேன். 80 எம்எம் ஜெட், 6எஸ் 5000 எம்ஏஹெச் பேட்டரி, இதுதான் அங்கே வரும் பெட்டிகளில் அதிகம் இருப்பது. 6எஸ் என்றால் ஆறு செல் வரிசையாக இணைத்தது, எம்ஏஹெச் என்பது பேட்டரியின் கொள்ளளவு. முழு த்ராட்டிலில், அதாவது மோட்டாருக்கு முழு விசை கொடுத்தால், 90, 100 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியில் 80 சதவீதம், அதாவது 4000 வரைதான் எடுக்க வேண்டும், அதற்குமேல் எடுத்தால் செல் உப்பிக்கொள்ளும். டேக் ஆஃப் ஆகி மேலே ஏறும் 25 விநாடிக்கே 650 எம்ஏஹெச் போய்விடுகிறது. பாதி த்ராட்டிலில் 40 ஆம்பியரில் சுற்றினால் நிமிடத்துக்கு 670. முழு வேகத்தில் ரன்வேக்கு முன்னால் ஒரு பாய்ச்சல், பத்து விநாடி, 260. மூன்று பாய்ச்சல் அடித்தவருக்கு மூன்றாவது நிமிடம் முடியும்போது 2,850 வரை காலி. இறங்குவதற்கான சுற்று ஒன்றுக்கு 450 வைத்துக்கொள்ளுங்கள், 3,300. இறங்க முடியாமல் மறுபடி மேலே எடுத்து ஒரு சுற்று வந்தால் இன்னொரு 550. மொத்தம் 3,850. முடிந்தது.

ஆகவே ஃப்ளை-இன்னுக்கு டைமர் மூன்று நிமிடம். வீட்டு மைதானத்தில் நாலேகால் வைத்துப் பறக்கிறவர்கூட இங்கே மூன்றுக்கு மாற்ற வேண்டும். அந்த மூன்று நிமிடம் உங்கள் பறத்தலுக்கு, மிச்சம் மற்றவர்களுக்கு. டைமர் கையால் ஆரம்பிப்பதாக இல்லாமல் த்ராட்டில் ஏறியதும் தானாக ஓடுவதாக இருந்தால் நல்லது. சத்தத்தில் பீப் கேட்காது, அதனால் டிரான்ஸ்மிட்டரில் அதிர்வை ஆன் செய்து வைப்பது இன்னும் நல்லது. விமானத்திலிருந்து தகவல் அனுப்பும் டெலிமெட்ரி இருந்தால் செலவான எம்ஏஹெச்சையே குரலில் சொல்ல வைக்கலாம், அதுதான் நேர்மையான கணக்கு, ஏனென்றால் காற்று அடிக்கிற நாளில் நேரத்தை நம்ப முடியாது.

மற்றவர்களுக்கு எதற்கு விட வேண்டும் என்று கேட்பீர்கள். போன அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்பு, வானத்தில் ஐந்து பேர். ஒரு எஃப்-16 அழகாக வந்து இறங்கி, ஓட்டத்தின் கடைசியில் மூக்குச் சக்கரம் மடிந்து ரன்வே நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. எஃப்-16 என்றாலே ஒல்லிக் கால், யார் மேலும் குற்றமில்லை. அதன் சொந்தக்காரர் "ஆன் த ரன்வே!" என்று கத்திவிட்டு நடந்தார். ஓடக் கூடாது என்பது விதி, அவரும் ஓடுகிற வயதில் இல்லை. போய், தூக்கி, திரும்பி வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதுவரை யாரும் இறங்க முடியாது. மேலே நாலு பேர் வட்டமடிக்கிறார்கள், அதில் ஒருவர் நாலரை நிமிடத்துக்கு டைமர் வைத்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. வோல்டேஜ் இறங்கிவிட்டது என்று அவருடைய ஸ்பீட் கன்ட்ரோலர் மோட்டாருக்குப் போகும் கரன்ட்டை அவ்வப்போது துண்டிக்க ஆரம்பித்தது. "டெட் ஸ்டிக்!" என்று கத்தினார், மோட்டார் விசை போய்விட்டது என்று அர்த்தம். டெட் ஸ்டிக் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிட வேண்டும், விட்டார்கள், ஆனால் ரன்வேயில் ஆள் நிற்கிறாரே. ரன்வேயைத் தாண்டிய உயரப் புல்லில் வயிற்றால் இறக்கினார். இரண்டு சக்கரம் பிடுங்கிக்கொண்டு வந்தது, ஒரு இறக்கையின் முனை நசுங்கியது, அவ்வளவுதான். மனிதர் ரன்வேயில் நிற்கும்போது அந்தப் பக்கம் திருப்பாமல் புல்லைத் தேர்ந்தெடுத்தாரே, அதற்காக மதிய உணவின்போது எல்லாரும் அவருக்குக் கை கொடுத்தார்கள்.

அதே சுற்றில் நானும் மேலே இருந்தேன். எனக்கு ஸ்பாட்டராக நின்றது எங்கள் ஊர்த் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் ஒரு தம்பி, மதுரைக்காரர், அப்போதுதான் இந்தப் பக்கம் ஆர்வம் வந்து கூட வந்தவர். "அண்ணா, லெஃப்ட்ல ஒருத்தர் கீழ வர்றாரு, நீங்க மேலயே இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஸ்பாட்டர் இல்லாமல் ஃப்ளை-இன்னில் நிற்காதீர்கள். நம் கண் நம் விமானத்தை விட்டு நகரவே நகராது, நகர்த்தவும் கூடாது, மணிக்கு 150 கிலோமீட்டர் போகும் ஒரு பொருளை இரண்டு விநாடி விட்டுவிட்டுப் பார்த்தால் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றே தெரியாது. மற்ற நாலு விமானத்தையும் ரன்வேயையும் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும். ஸ்பாட்டருக்குப் பறக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வாய் இருந்தால் போதும். அவரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டியது ஒன்றுதான்: "அங்க பாருங்க" என்று சொல்லக் கூடாது. இடது, வலது, மேலே, கீழே என்று மட்டும் சொல்ல வேண்டும்.

காலையில் பைலட்டுகள் கூட்டம் ஒன்று நடக்கும், காபி கையில் இருக்கிற நேரம், பலர் பாதி தூக்கத்தில் நிற்பார்கள். அதைத் தவற விடாதீர்கள். சுற்று எந்தத் திசை, காற்று மாறினால் யார் அறிவிப்பார், எந்தக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் விமானம் வரக் கூடாது, வேகப் பாய்ச்சலுக்கு எந்தத் தடம், மெதுவான விமானங்களுக்கு எந்தத் தடம் என்பதெல்லாம் அங்கேதான் சொல்வார்கள். கிளப்புக்குக் கிளப் இது மாறும். உங்கள் மைதானத்துப் பழக்கத்தை அங்கே கொண்டு போனால் எதிரே வருகிறவர் மூக்கில்தான் போய் முட்டும். செய்யப் போவதை ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லவும் பழக வேண்டும். நம் ஆட்கள் பலருக்கு வெள்ளைக்காரர் கூட்டத்தில் கத்த ஒரு கூச்சம் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன், மெதுவாக முணுமுணுத்துவிட்டு இறக்குவார்கள். அங்கே அது மரியாதை இல்லை, ஆபத்து.

இறக்குவது பற்றி. ப்ரொப்பெல்லர் விமானத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஜெட்டில் புரியாமல் போவது இது: மூக்கில் ப்ரொப்பெல்லர் இருந்தால் த்ராட்டில் கொடுத்தவுடன் அந்தக் காற்று இறக்கை மேலும் வால் மேலும் அடிக்கும், விமானம் உடனே பிழைத்துக்கொள்ளும். இடிஎஃப்-பில் காற்று குழாய்க்குள் போய்ப் பின்னால் வெளியேறுகிறது, வாலுக்கு ஒன்றும் கிடைக்காது. அதோடு விசிறி வேகம் பிடிக்கவும் ஒரு கணம் ஆகும். ஆகவே மெதுவாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு, த்ராட்டிலை முழுக்கக் குறைத்து வரும் ஜெட்டில் கடைசி நொடியில் த்ராட்டில் தள்ளிப் பயனில்லை, சத்தம் வரும், விமானம் வராது. ரன்வே ஓரத்தைத் தாண்டும்வரை மூன்றில் ஒரு பங்கு த்ராட்டிலை விடாதீர்கள். சறுக்கி வரும் உயரத்தை த்ராட்டிலால் சரிசெய்யுங்கள், வேகத்தை மூக்கின் சாய்வால். பிடிக்கவில்லை என்றால் சீக்கிரமே முடிவெடுத்து மேலே எடுங்கள், ஏனென்றால் அந்த ஒரு சுற்றுக்கான 550-ஐத்தான் டைமரில் மிச்சம் வைத்திருக்கிறோமே.

டேக் ஆஃபுக்கும் இதே காரணம்தான். ஓட்டம் நீளமாக இருக்கும், வேகம் சேராமல் மூக்கைத் தூக்கும் எலிவேட்டரை இழுத்தால் எழும்பிப் பக்கவாட்டில் சரிந்து விழும். புல் ரன்வே என்றால் இன்னும் நீளம். புல்லைக் குட்டையாக வெட்டி உருட்டி வைத்திருந்தாலும் 64, 70 எம்எம் ஜெட்டின் குட்டிச் சக்கரங்களுக்கு அது காடு. ஃப்ரீவிங், எஃப்எம்எஸ், இ-ஃப்ளைட் எதுவானாலும் போர் விமான மாடலைவிட, விரிந்த காலும் பெரிய சக்கரமும் உள்ள ஸ்போர்ட் ஜெட் புல்லில் பிழைக்கும். அவான்ட்டி, வைப்பர், ஹாபு வகையறா. ஏ-10 வைத்திருக்கிறவர்கள் புல்லில் சந்தோஷமாக இருப்பதையும் பார்க்கிறேன், விசிறி இரண்டும் உயரத்தில் இருப்பதால் வெட்டிய புல்லை உறிஞ்சிக்கொள்வதில்லை. மற்ற ஜெட்டில் ஒவ்வொரு முறையும் பேட்டரியைப் பிடுங்கிவிட்டுக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சின்னக் கல் பிளேடு முனையில் கீறினால்கூட அதிர்வு வரும், அதிர்வு வந்தால், விமானம் சாய்வதை உணர்ந்து தானாகத் திருத்தும் ஜைரோ குழம்பும்.

ஜைரோ என்றதும் ஞாபகம் வருகிறது. பக்கக் காற்றில் ஜைரோ ஒரு வரம்தான், ஆனால் இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சர்வோ எதையாவது மாற்றியிருந்தால் தரையிலேயே விமானத்தைக் கையால் சாய்த்து, சாய்ந்த பக்கத்து ஐலரான் (இறக்கையின் பின்னோர மடிப்பு) கீழே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே ஏறினால் அது சரிவைக் கூட்டிக்கொண்டே போகும். அப்புறம் ஃபெயில்சேஃப்: ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்க வேண்டும். பல கூட்டங்களில் இதைச் செய்து காட்டச் சொல்கிறார்கள், சொல்லாத இடத்திலும் செய்யுங்கள். பேட்டரியை இணைப்பது கூடாரத்துக்குள் வேண்டாம், பைலட் நிற்கும் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து, த்ராட்டில் கட் ஸ்விட்ச் போட்டபடி இணைக்க வேண்டும். பக்கத்துக் கூடாரத்தில் குழந்தைகள் இருப்பார்கள், ஒரு 80 எம்எம் ஜெட் மேஜை மேல் திடீரென்று மூன்று கிலோ தள்ளலில் கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேட்டரி எத்தனை கொண்டு போவது? முதல் முறை போகிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள், தேவையில்லை. வரிசையில் நின்று, பறந்து, அரட்டை அடித்து, மற்றவர் பறப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி வரிசைக்கு வர ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஒரு விமானத்துக்கு மூன்று பேட்டரி, ஒரு சார்ஜர், போதும். 6எஸ் 5000-ஐ அதன் அளவுக்கே, அதாவது 5 ஆம்பியரில் ஏற்றினால் 125 வாட்டுக்குப் பக்கம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். அவசரப்பட்டு இரண்டு மடங்கில் ஏற்றுகிறவர் நாலைந்து பேர் சேர்ந்தால் கிளப்பின் சின்ன ஜெனரேட்டர் திணறும், அப்போது கிளம்பும் முறைப்புகளைப் பார்க்க வேண்டும். பறந்து வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. காருக்குள் வைத்து ஏற்றவும் கூடாது. டெக்சஸ் வெயிலில் பூட்டிய காருக்குள் விமானத்தை விட்டுவிட்டாலும் கறுப்புப் பெயின்ட் அடித்த ஃபோம் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும், வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்துங்கள்.

விமானத்தில் பயணம் செய்து வேறு மாநில ஃப்ளை-இன்னுக்குப் போகலாமா என்று தம்பி கேட்டார். 6எஸ் 5000 என்பது 22.2 வோல்ட் பெருக்கல் 5, 111 வாட் ஹவர். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், 100-க்கு மேல் 160 வரை என்றால் ஏர்லைன் அனுமதி வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். 4000 எம்ஏஹெச் என்றால் 88.8, அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்தப் பெட்டி அளவைப் பார்த்தால் கார்தான் நடைமுறை.

காகிதங்களையும் சொல்லிவிடுகிறேன், அமெரிக்காவில் இதை ஆரம்பிக்கும் நம்மவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 250 கிராமுக்கு மேல் என்றால் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ-யில் பதிவு, 5 டாலர், மூன்று வருடத்துக்கு, அந்த எண் விமானத்தின் வெளிப்புறத்தில் தெரிய வேண்டும். ட்ரஸ்ட் என்ற ஆன்லைன் பரீட்சை இலவசம், அரை மணியில் முடிந்துவிடும், சான்றிதழைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போதே விமானம் தன் அடையாளத்தையும் இடத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்ற ரிமோட் ஐடி விதி 2024 மார்ச் 16 முதல் கறாராகிவிட்டது, ஆனால் எஃப்ஏஏ அங்கீகரித்த மைதானத்துக்குள் பறந்தால் அந்தக் கருவி வேண்டாம். கிளப்பில் பறக்க இதுவே ஒரு பெரிய காரணம். அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் என்ற மாடல் விமானச் சங்கம், ஏஎம்ஏ என்று சுருக்கமாகச் சொல்வது, 1936-இல் தொடங்கியது, தலைமையகம் இண்டியானாவில் மன்சி என்ற ஊரில். அதில் உறுப்பினராக இருந்தால் 25 லட்சம் டாலர் வரை பொறுப்புக் காப்பீடு வருகிறது, ஃப்ளை-இன் வாசலில் முதலில் கேட்பதும் அந்த அட்டையைத்தான். டர்பைனுக்கு ஏஎம்ஏ-யின் தனி அனுமதி வேண்டும், எலெக்ட்ரிக்குக்கு வேண்டாம்.

சாப்பாடு ஹாட் டாக், பர்கர். சைவம் என்றால் சிப்ஸும் வாழைப்பழமும்தான், எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போங்கள், கொஞ்சம் கூடுதலாகவே. பக்கத்துக் கூடாரக்காரருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர், 72 மெகாஹெர்ட்ஸ் காலத்திலிருந்து பறக்கிறவர். அப்போதெல்லாம் ஒரே சேனலில் இரண்டு பேர் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்தால் ஒருவர் விமானம் விழும், அதனால் பலகையில் உங்கள் சேனலுக்கான க்ளிப்பை எடுத்தால்தான் ஆன் செய்யலாம். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகு அந்தப் பலகை போய்விட்டது. அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது: அந்தக் க்ளிப்புக்காகக் காத்து நின்றபோது வேறு வழியில்லாமல் எல்லாரும் மற்றவர் பறப்பதைப் பார்த்தார்கள், யாருடைய விமானம் எப்படி இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும், இப்போது ஆளாளுக்குத் தன் விமானம் மட்டும்தான் தெரிகிறது என்றார். ஐந்து பேர் வானத்தில் இருக்கும்போது இது எவ்வளவு பெரிய குறை என்று மறுநாள் கவனித்தேன். வரிசையில் நிற்கும் நேரத்தில் முன்னால் பறக்கிறவர்களை ஒரு சுற்றாவது பார்த்துவிட்டுப் போனால் யார் நீளமாகத் திரும்புகிறார், யார் தாழ்வாக வருகிறார், யார் அறிவிக்காமல் இறங்குகிறார் என்று தெரிந்துவிடுகிறது.

ஞாயிறு மதியம் ஏ-10 வைத்திருப்பவர்கள் மட்டும் என்று ஒரு கூட்டுப் பறத்தல் விட்டார்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே வடிவம், நடுவில் ஒருவர் அடுத்தவர் விமானத்தைத் தன்னுடையது என்று நினைத்து ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டிருந்தார், அவருடையது தானாகவே தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, ஸ்பாட்டர் தோளைப் பிடித்து உலுக்கித் திருப்பினார். கூட்டுப் பறத்தலுக்குப் போவதென்றால் இறக்கையின் அடிப்பக்கம் பளிச்சென்ற ஆரஞ்சு டேப் ஒரு பட்டை ஒட்டுங்கள், ஸ்கேல் அழகு கெட்டால் கெடட்டும். டேப்பை வீட்டுக்கு வந்து ஹேர் ட்ரையரால் லேசாகச் சூடு காட்டி உரித்தால் பெயின்ட் வராது.

திரும்பி வந்த இரவே செய்ய வேண்டியது, பறக்காமல் மிஞ்சிய முழு பேட்டரிகளைச் செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கி வைப்பது. நசுங்கிய ஃபோமைக் கொதிநீர் ஊற்றி உப்ப வைப்பதும், மூக்குச் சக்கரத்துக் கம்பியைக் கழற்றி மேஜை மேல் உருட்டி வளைந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப் போடலாம், பேட்டரியைத் தள்ளிப் போட முடியாது.